இதய, நுரையீரல் ஆராய்ச்சிக்கு ஊர் வசூல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். இப்போது, மருத்துவமனைகளில் நடக்கும் இதய, நுரையீரல் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டும் ஒரு சின்ன அறக்கட்டளைக்குப் பொருளாளர். பாபநாசம், அம்மாபேட்டை, நீடாமங்கலம், வலங்கைமான் என்று ரசீது புத்தகத்தோடு சுற்றுகிறோம். எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் வாய்மொழியிலேயே அவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை பின்னால். சொன்னதையே திரும்பச் சொல்லாமல் முந்தைய பதிலைச் சுட்டுவதற்காக எண் போட்டிருக்கிறேன்.

1. யாருக்கு ஆபரேஷன்? பேஷண்ட் பேரு, ஊரு சொல்லுங்க.

யாருக்கும் ஆபரேஷன் இல்லை. முதல் கேள்வி எப்போதும் இதுதான், கேட்பவர் மேல் தப்பும் இல்லை. இதயம், நுரையீரல் என்று சொல்லிப் பணம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு குழந்தையின் போட்டோவோடுதான் வருகிறார்கள். எங்களிடம் போட்டோ கிடையாது.

சிகிச்சைச் செலவுக்கு வழி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதய அறுவை சிகிச்சையும் அதில் அடக்கம். ஆனால் 'இந்த வியாதி இந்த ஊரில் ஏன் இப்படி வருகிறது, இன்னும் முன்னாலேயே கண்டுபிடிக்க முடியுமா' என்று தேடுகிற வேலைக்குக் காப்பீடு கிடையாது. நாங்கள் கேட்பது அந்த வேலைக்கு.

2. ஆராய்ச்சின்னா என்ன, கண்ணாடிக் குழாய்ல மருந்து கலக்குறதா?

அதுவும் உண்டு. நம் பக்கத்தில் தேவைப்படுவது அதைவிடச் சாதாரணமானது. தமிழ்நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மாரடைப்பு வந்தவரைச் சின்ன ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு நேரம் கடத்தாமல், அங்கேயே ஈசிஜி எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஆம்புலன்ஸையும் இரண்டு ஆஸ்பத்திரிகளையும் ஒரே கயிற்றில் கட்டினால் உயிர் பிழைப்பது கூடுமா என்று 2,420 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2017-ல் வெளிவந்தது. அந்த ஏற்பாட்டுக்கு முன்னால் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், ஏற்பாட்டுக்குப் பின் 14.2 சதவீதம். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. யார் யாருக்கு எப்போது போன் செய்வது என்பதை ஒழுங்கு செய்து, கணக்கு வைத்தார்கள். அவ்வளவுதான்.

இன்னும் பழையது ஒன்று. காசநோய் வந்தால் வீட்டைவிட்டு சானடோரியத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்று இருந்த காலம். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே செங்கிப்பட்டி ஞாபகம் வரும். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி மையம், நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. குடிசையில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டில் இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-ல் அது வெளிவந்த பிறகு உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தின் போக்கு மாறியது.

3. நம்ம பக்கத்துல அப்படி என்ன ஆராயறதுக்கு இருக்கு?

கதிர் அறுக்கும் மிஷின் வயலில் இறங்கினால் பின்னால் எழும் தூசியை நினைத்துப் பாருங்கள். ரைஸ் மில்லில் தவிட்டுத் தூசிக்கும் உமிச் சாம்பலுக்கும் நடுவில் இருபது வருடம் நின்றவர் இருக்கிறார். மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலைப் பிரித்துப் போடுகிறவர் இருக்கிறார். அந்தப் பூசணத் தூள் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கி, வருடக்கணக்கில் போனால் நிரந்தரத் தழும்பாக்கும் என்பது மருத்துவத்துக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் நம் ஊரில் இருமலோடு வருகிறவரிடம் "பீடி குடிப்பியா?" என்று கேட்கிறார்கள். "வைக்கப்போர் பிரிப்பியா?" என்று கேட்பவர் குறைவு. விறகடுப்பில் ஊதுகுழல் பிடித்தே காலம் கழித்த அம்மாக்களை ரெண்டு கேள்வியும் தொடாது.

இதயத்தில், சின்ன வயதில் வரும் தொண்டைப்புண் முற்றி மூட்டுவலிக் காய்ச்சலாகி, கடைசியில் வால்வைச் சுருக்குகிற நோய் இன்னும் இருக்கிறது. அதற்கு 21 நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று வருடக்கணக்கில் போட வேண்டும். நடவு நேரத்தில், பரீட்சை நேரத்தில், ஊசி வலிக்கிறது என்று, எத்தனை பேர் விடுகிறார்கள், ஏன் விடுகிறார்கள்? இதுவும் ஆராய்ச்சிதான். ஒரு நோட்டும், வீடு வீடாகப் போக ஒரு செவிலியரும், பஸ் காசும் இருந்தால் தொடங்கலாம்.

நாங்கள் முதலில் பணம் கொடுத்தது மில் தொழிலாளர்களின் மூச்சளவைப் பார்க்கும் ஒரு வேலைக்கு. போய்ப் பார்த்தேன். மூக்கில் கிளிப்பு மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கவ்வச் சொல்லி, மூச்சை முட்ட இழுக்கவிட்டு, டெக்னீஷியன் பெண் "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி கூடவே கத்துகிறார். ஆறு விநாடியாவது ஊத வேண்டும், ஒழுங்கான ஊதல் மூன்றாவது வேண்டும். அறுபது வயது இருக்கும் ஒருவர் மூன்றாவது விநாடியில் இருமி, கண்ணில் நீர் வர, "ஒலைக்கு வாய் வச்சு ஊதுறது இதவிட லேசும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய வரைகோடு மட்டும் சரிவிலேயே நின்றது.

4. அதுக்கெல்லாம் கவர்ன்மென்ட் இருக்கே. நாம ஏன் குடுக்கணும்?

அரசு கொடுக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1911-லிருந்து வேறொரு பெயரிலும் 1949 முதல் இந்தப் பெயரிலும் இதைத்தான் செய்கிறது. ஆனால் அங்கே விண்ணப்பம் போட, 'இப்படி ஒரு பிரச்சினை இருக்கிறது என்பதற்கு என்னிடம் இவ்வளவு தகவல் இருக்கிறது' என்று காட்டினால்தான் கோப்பு நகரும். அந்த முதல் தகவலைச் சேகரிக்கக் காசு யார் தருவார்? மேற்படிப்பு மாணவர்கள் ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும். அதற்கு ஜெராக்ஸிலிருந்து பரிசோதனைக் கட்டணம் வரை சொந்தக் கையிலிருந்து போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பணம் அந்த இடத்துக்குத்தான். நாற்றங்காலுக்கு விதை நெல் மாதிரி, அளவு சின்னது, ஆனால் அது இல்லாமல் நடவு கிடையாது.

இதெல்லாம் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் வந்ததற்குப் பின்னால் பெண்கள் சங்கம் ஒன்று திரட்டிய நிதி இருக்கிறது. முன்னின்றவர் முத்துலட்சுமி ரெட்டி. பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்.

5. நூறு ரூபா குடுத்தா வாங்குவீங்களா?

வாங்குவோம். ரசீதும் உண்டு. பத்து ரூபாய்க்கும் உண்டு.

6. கோயிலுக்குப் போடுற மாதிரி தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வரி போட்டுட்டா வேலை சுலுவா முடியுமே?

முடியும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடியும். ஒரு கிராமத்தில் பஞ்சாயத்தார் தாங்களாகவே அப்படி முடிவு செய்து, தலைக்கட்டுக்கு 300 ரூபாய் என்று தண்டோரா போடத் தயாராக இருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். திருவிழா வரி கொடுக்காதவர் வீட்டு வாசலில் சாமி நிற்காது என்ற பயம் எப்படி வேலை செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயத்தில் வரும் பணம் எங்களுக்கு ஆகாது. கொடுக்காத வீட்டுக்காரர் நாளை அதே ஆராய்ச்சியில் மூச்சு ஊத வர வேண்டியவராக இருக்கலாம். கடன்பட்டவர் மாதிரி ஒதுங்கி நின்றால் யாருக்கு நஷ்டம்?

7. அப்ப மொய் நோட்டு மாதிரி பேர் எழுதி வாங்குங்களேன். மொய் விருந்தே வச்சிடலாம்ல?

பேராவூரணிப் பக்கத்துக்காரர்கள் இதைக் கேட்காமல் விட மாட்டார்கள். ஆடி, ஆவணியில் அந்தப் பக்கமும் புதுக்கோட்டையின் கீரமங்கலம், வடகாடு பக்கமும் மொய் விருந்து நடப்பதைப் பார்த்தவர்களுக்கு, பணம் திரட்ட இதைவிடத் தேர்ந்த ஏற்பாடு இருக்க முடியாது என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. கறிச்சோறு, வரிசையாக எழுத்தர்கள், பெயர், ஊர், தொகை என்று தப்பில்லாத பதிவு. கணக்கு எழுதிப் பழகிய எனக்கு அந்த நோட்டைப் பார்த்தாலே ஒரு மரியாதை வரும்.

ஆனால் மொய் கடன். வட்டி இல்லாத கடன், அவ்வளவுதான் வித்தியாசம். வைத்தவர் வீட்டு விசேஷம் வரும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு, வாங்கின மொய்யைச் செய்ய முடியாமல் விசேஷ வீட்டு வாசல் வரை வந்து திரும்பிப் போனவரை எனக்குத் தெரியும். ஆராய்ச்சிக்கு வாங்கிய பணத்தை யார், எந்த விசேஷத்தில் திருப்பிச் செய்வது? நோட்டில் பெயரைப் பார்த்தாலே 'நமக்கு வர வேண்டியது' என்ற எண்ணம் வந்துவிடும். அதனால் விருந்து வைக்கலாம், சாப்பிடலாம், உண்டியல் வைக்கலாம். நோட்டு வேண்டாம், ரசீது போதும்.

8. வரி விலக்கு உண்டுன்றீங்களே, குடுத்த காசு முழுசா திரும்பி வருமா?

வராது. இதைத் தப்பாகச் சொல்லி வசூல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி அனுமதி உள்ள எங்களைப் போன்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால், கொடுத்த தொகையில் பாதி உங்கள் வருமானத்திலிருந்து கழியும். வரியிலிருந்து கழியாது. 10,000 கொடுத்தால் வருமானத்தில் 5,000 குறையும். 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு மிச்சம் சுமார் 1,000 ரூபாய். மொத்த வருமானத்தில் பத்து சதவீதம் என்ற உச்சவரம்பும் உண்டு. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தச் சலுகையே கிடையாது.

ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய் வரைதான் சலுகை செல்லும். அதற்கு மேல் காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ வேண்டும். பான் எண் கொடுத்தால்தான் நாங்கள் வருமான வரித் துறைக்கு வருடாந்திரப் பட்டியல் தாக்கல் செய்து உங்களுக்குச் சான்றிதழ் எடுத்துத் தர முடியும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் எங்கள் ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு சலுகை கேட்க முடியாது. புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆடிட்டர் வேறு எண் சொன்னால் பதற வேண்டாம், ஊரில் எல்லோரும் 80ஜி என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

9. கையில காசு இல்ல, களத்துல நெல்லு கெடக்கு. ரெண்டு மூட்டை எடுத்துக்கறீங்களா?

தை, மாசியில் இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு நாள் போகாது. மனசு பெரியது, நடைமுறைதான் இடிக்கும். பொருளாகக் கொடுத்ததற்கு மேலே சொன்ன வரிச் சலுகை கிடையாது. அதோடு, நெல்லை நாங்கள் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுகள் உள்ள விவசாயியின் நெல்லைத்தான் எடுப்பார்கள். தனியார் வியாபாரியிடம் போனால் அவர் சொன்னதுதான் விலை.

முதல் வருடம் ஆர்வத்தில் வாங்கி ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் அடுக்கினோம். எதிர்பாராத மழை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்த நெல் நாலே நாளில் கையில் அள்ளினால் பிசுபிசுத்தது. கடைசியில் கோழித்தீவன விலைக்குத் தள்ளிவிட்டோம். அந்த நஷ்டத்தையும் கணக்கில் எழுதினேன். எனவே நீங்களே உங்கள் சிப்பங்களோடு சேர்த்துப் போட்டுவிட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏறியதும் அதில் ஒரு பங்கை அனுப்புங்கள். சலுகையும் கிடைக்கும், எங்களுக்கும் வராந்தா தேட வேண்டாம்.

10. பையன் சிங்கப்பூர்ல இருக்கான். அவன் அனுப்பலாமா?

அவர் கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட்? கேள்வி அங்கேதான் இருக்கிறது. இந்தியக் குடிமகனாக அங்கே வேலை செய்கிறவர், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வோம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், பிறந்தது வலங்கைமானாகவே இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். அந்தப் பணத்தை வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் தனிப் பதிவு வேண்டும், பணம் முதலில் டெல்லியிலுள்ள ஸ்டேட் பேங்க் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். எங்களுக்கு அந்தப் பதிவு இல்லை.

"அப்பா அக்கவுண்டுக்கு அனுப்பறேன், அப்பா குடுப்பார்" என்று சிலர் வழி சொல்கிறார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனாலும் அது சட்டத்தைச் சுற்றிப் போகிற வேலை, அதை வாங்குவதில்லை.

11. பெரிய கம்பெனி ஒண்ணைப் புடிச்சா ஒரே செக்குல முடிஞ்சிடுமே?

கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வியாபாரமோ சொத்தோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதை வாங்க, அறக்கட்டளையாகப் பதிவு செய்திருந்தால் மட்டும் போதாது, கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்திலும் பதிய வேண்டும். நல்லதுதான், முயற்சி செய்கிறோம். ஆனால் அந்தச் செக் அடுத்த வருடம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். நூறு ரூபாய்க்காரர் அடுத்த வருடமும் அதே திண்ணையில் இருப்பார்.

புகையிலைக் கம்பெனிப் பணம் மட்டும் எந்த ரூபத்தில் வந்தாலும் வேண்டாம் என்று எழுதியே வைத்திருக்கிறோம். நுரையீரல் ஆராய்ச்சிக்கு அவர்கள் காசு என்றால் கேட்கிறவர் சிரிப்பார். பெட்டிக்கடைக்காரர் பீடிக்கட்டு விற்றுச் சம்பாதித்ததில் 200 ரூபாய் கொடுத்தால்? குழுவில் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. வாங்குவது என்று முடிவு. அவர் கொடுப்பது அவர் மனசு, கம்பெனி கொடுப்பது விளம்பரம்.

12. குடுத்தவங்களுக்கு ஆஸ்பத்திரில டோக்கன் இல்லாம பாப்பாங்களா?

மாட்டார்கள். எனக்கும் பார்க்க மாட்டார்கள். போன மாதம் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன்.

13. பணத்தை டாக்டர் கையிலயா குடுக்குறீங்க?

எந்த டாக்டர் கையிலும், எந்த டாக்டரின் சொந்தக் கணக்கிலும் கொடுப்பதில்லை. நிறுவனத்தின் கணக்குக்கு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தோடு, தவணையாக. முதல் தவணைக்கு முன்னால் நெறிமுறைக் குழு (அது என்ன என்று கேள்வி 14-ல் சொல்கிறேன்) ஒப்புதல் கடிதம் வேண்டும். மருந்தையோ சிகிச்சையையோ சோதிக்கிற ஆய்வாக இருந்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்த எண்ணும் வேண்டும். 2009-லிருந்து அது கட்டாயம். இரண்டாவது தவணைக்கு முதல் தவணையின் செலவுச் சான்று. ஒரு நல்ல டாக்டர் இந்தக் காகிதங்களைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்ட ஒருவர் இருந்தார், அதோடு பேச்சு முடிந்தது.

இந்த விதிகள் எல்லாம் அடிபட்டுக் கற்றவை. தொடக்கத்தில் ஒரு மருத்துவமனைக்கு (பெயர் வேண்டாம்) மூச்சளவுக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். நாடா வெட்டி, சால்வை போர்த்தி, படம் எடுத்தாயிற்று. பதினான்கு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கருவி அட்டைப்பெட்டியில் அப்படியே இருக்கிறது. நாங்கள் கட்டிய சிவப்பு நாடாவின் துண்டுகூட ஒட்டிக்கொண்டிருந்தது. காரணம் கேட்டேன். இயக்கத் தெரிந்த ஆள் இல்லை. தினமும் மூன்று லிட்டர் சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி அளவு சரிபார்க்க வேண்டுமாம், அந்த சிரிஞ்சை நாங்கள் வாங்கித் தரவில்லை. ஆளுக்கு ஒன்றாக மாற்றும் அட்டைக் குழாய்க்கும் ஒதுக்கீடு இல்லை. தப்பு அவர்களுடையது மட்டும் இல்லை, கேட்காமல் வாங்கிக் கொடுத்த எங்களுடையதும். இப்போது முதலில் டெக்னீஷியனின் சம்பளத்துக்குக் கொடுக்கிறோம், கருவி அப்புறம். சம்பளத்துக்கு நாடா வெட்டிப் படம் எடுக்க முடியாது என்பதால் எங்கள் குழுவிலேயே இரண்டு பேருக்கு இதில் வருத்தம்.

14. எங்க மேலயே மருந்தைச் சோதிச்சுப் பாத்துடுவாங்களோன்னு பயமா இருக்கு.

பயப்படுவது நியாயம்தான். அதற்காகத்தான் நெறிமுறைக் குழு. அதன் தலைவர் அந்த மருத்துவமனையைச் சேராதவராக இருக்க வேண்டும், சட்டம் தெரிந்தவர் ஒருவரும் மருத்துவமே படிக்காத பொதுஜனம் ஒருவரும் இருக்க வேண்டும். உங்களுக்குப் புரிகிற தமிழில் எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கித்தான் சேர்க்கலாம். நடுவில் 'எனக்கு வேண்டாம்' என்று வெளியே வரலாம், அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. புது மருந்துச் சோதனையில் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் நஷ்டஈடும் தர வேண்டும் என்று 2019-ல் வந்த விதிகள் சொல்கின்றன.

நாங்கள் இதுவரை பணம் கொடுத்தவை மருந்துச் சோதனைகள் இல்லை. மூச்சு அளப்பது, நடக்கவிட்டுப் பார்ப்பது, கேள்வி கேட்டு எழுதிக்கொள்வது. இன்னொன்று: நன்கொடை கொடுத்தவர் ஆய்வில் சேர வேண்டிய கட்டாயமும் இல்லை, சேர்ந்தவர் நன்கொடை கொடுக்க வேண்டியதும் இல்லை. யார் யார் சேர்ந்தார்கள் என்ற பட்டியல் எங்களுக்கு வராது, கேட்கவும் கூடாது.

15. ஒண்ணும் கெடைக்கலைன்னு முடிஞ்சா எங்க காசு தண்டம்தானே?

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு செய்யத் தொடங்கினார்கள். வெளிநாட்டு வால்வு நம்மவர்களுக்கு எட்டாத விலையில் இருந்த காலம். முதல் வடிவம் தோற்றது. இரண்டாவதும், மூன்றாவதும். நான்காவதைத்தான் 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குள் அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. கேள்வி 3-ல் சொன்ன வால்வு நோய்க்காரர்கள்தான் அதில் நிறைய. மூன்றாவது தோற்றபோது 'தண்டம்' என்று கடையைக் கட்டியிருந்தால்?

ஆனால் எல்லாத் தோல்வியும் இப்படி முடியாது. சில ஆய்வில் நிஜமாகவே ஒன்றும் கிடைக்காது. எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி வைத்திருக்கிறோம்: கிடைக்கவில்லை என்றாலும் அதை எழுதி வெளியிட வேண்டும், தமிழில் இரண்டு பக்கம் ஊருக்கும் தர வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து இன்னொருவர் இதே காசைக் கேட்டு இதே திண்ணைக்கு வருவார்.

16. சரி, வசூல்ல உங்க காப்பி, பெட்ரோல் எவ்வளவு?

தைரியமாகக் கேட்டவர் ஒரு டீக்கடைக்காரர். பதில்: காப்பி, பெட்ரோல் அவரவர் பாக்கெட். ரசீது அச்சடிப்பு, தணிக்கைக் கட்டணம், வங்கிக் கட்டணம் வசூலிலிருந்துதான் போகும். நூற்றுக்கு நூறும் ஆராய்ச்சிக்கே போகிறது என்று சொல்லும் அறக்கட்டளை, அந்தச் செலவை வேறெங்கோ ஒளித்திருக்கிறது என்று அர்த்தம்.

வருடத்துக்கு ஒருமுறை பங்குனியில், ஏதாவது ஒரு ஊர் மண்டபத்தில் வரவு செலவைச் சத்தமாக வாசிக்கிறோம். திருவிழாக் கணக்கு வாசிப்பதைப் போலத்தான். வராந்தா நெல் நஷ்டத்தை வாசித்த அன்று பின்வரிசையிலிருந்து ஒருவர், "தார்ப்பாய் வாங்கினீங்களே, அது எங்க?" என்றார். வாங்கிய தார்ப்பாய் 1,850 ரூபாய் என்று கணக்கில் இருந்தது. தார்ப்பாய் இல்லை. இரண்டு வாரம் தேடி, ஒரு உறுப்பினர் வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரையில் கண்டுபிடித்தோம். அடுத்த வருடக் கணக்கில் 'வரவு: தார்ப்பாய் விலை' என்று அவர் கட்டிய தொகை இருக்கிறது.

17. கண்ணு முன்னாடி ஒரு புள்ள மூச்சு வாங்கிட்டு கெடக்கு. பேங்க்ல ஆராய்ச்சிப் பணத்தை வச்சிக்கிட்டு வேடிக்கை பாப்பீங்களா?

இதைக் கேட்டது ஒரு பெரியம்மா. அவருடைய பேத்திக்கு இதயத்தில் ஓட்டை. கேள்வி 1-க்குச் சொன்ன பதிலை அவரிடம் திரும்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குழு கூடியது. ஆராய்ச்சிக்கென்று ரசீது போட்டு வாங்கிய பணத்தை, எவ்வளவு நல்ல காரியமானாலும், வேறொன்றுக்கு மாற்ற எங்களுக்கு உரிமை இல்லை. கொடுத்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சம்மதம் கேட்கவும் முடியாது. ஒரு பிள்ளைக்குத் திறந்தால் அடுத்த வாரம் நான்கு வீட்டிலிருந்து வருவார்கள், எந்தப் பிள்ளைக்கு இல்லை என்று நான் சொல்வது? இதெல்லாம் சரியான காரணங்கள். அன்று இரவு தூங்கவில்லை என்பதும் உண்மை.

மறுநாள் காலையில் எங்கள் குழுவிலிருந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து விசாரித்தார். காப்பீட்டு அட்டையே எடுக்கவில்லை. அந்த வீட்டின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் கீழ்தான், அட்டை கிடைக்கும். அதற்கு வருமானச் சான்று வேண்டும், அதற்கு விஏஓவைப் பார்க்க வேண்டும், விஏஓ வருகிற நாளில் பிள்ளையின் அப்பா செங்கல் காளவாசலில் இருப்பார். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் வந்து பார்க்கிற அரசு மருத்துவக் குழு பிறவி இதயக் கோளாறையும் கண்டறிந்து அனுப்பும் என்பது அவர்களுக்குத் தெரியாது. செவிலியர் குடும்ப அட்டையை எடுத்துக்கொள்ளச் சொல்லி, அவர்களோடு கிளம்பினார். மூன்று அலுவலகம், நான்கு நாள். பிறகு பெரிய ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசை.

செலவு எவ்வளவு ஆயிற்று என்று பங்குனிக் கூட்டத்தில் கேட்டார்கள். பஸ் டிக்கெட்டும் இரண்டு வேளை இட்லியும். கணக்கில் எழுதவில்லை, செவிலியர் தன் கைப்பையிலிருந்து கொடுத்துவிட்டார். பேத்தி இப்போது இரண்டாம் வகுப்பு. பெரியம்மா போன தையில் என்னைக் கூப்பிட்டு 50 ரூபாய் கொடுத்து, "எதுக்கோ ஊதச் சொல்றீங்களாமே, அதுக்கு வச்சுக்க தம்பி" என்றார். ரசீது போட்டுக் கொடுத்தேன்.